ஏழு தெருவுக்கு ஒரு சங்கு

குற்றாலலிங்கப் பண்டாரத்தின் உடம்பு ஒரு சாக்கு நெல் கனம்கூட இருக்காது. ஆனால் அவர் சங்கை வாயில் வைத்து ஊதினால் தெருவின் ஒரு முக்கில் கிளம்பிய சத்தம் மறுமுக்கில் படுத்திருக்கிற மாட்டை எழுப்பிவிடும். திருநெல்வேலி டவுனில் கோயிலுக்கு மேற்கே உள்ள ஏழு தெருக்கள் அவருடைய முறை. அந்தத் தெருக்களில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அவர்தான் சங்கு. மார்கழி பிறந்துவிட்டால், விடிவதற்கு முன்பே அதே தெருக்களில் சேகண்டி தட்டி, சங்கூதி, பாட்டுப் பாடி ஜனங்களை எழுப்புவதும் அவர்தான்.

இதற்காக அவரிடம் இரண்டு சங்குகள் இருந்தன. சாவுக்கு ஊதுகிற சங்கு வீட்டுக்கு வெளியே ஓட்டுச் சரிவில் தொங்கும். மார்கழிச் சங்கு மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி மாடத்தில் இருக்கும். பதினோரு மாதம் அதை யாரும் தொடக் கூடாது. இரண்டையும் மாற்றி ஊதிவிட்டார் என்று அவருடைய பரம விரோதிகூடச் சொன்னதில்லை. தம் முறையில் இன்னொருவன் சங்கெடுத்தால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. மற்றபடி கோபமே வராத மனுஷர் என்று சொல்லலாம்; அவருடைய மனைவி பிரம்மநாயகி அப்படிச் சொல்லமாட்டாள், அது வேறு விஷயம்.

ஜெர்மன் சண்டை முடிந்த வருஷம், ஐப்பசி மழையோடு மழையாக அந்த விஷ சுரம் ஊருக்குள் வந்தது. வந்தது பொய்யில்லை. காலையில் கடைக்குப் போனவன் சாயங்காலம் முனகிக்கொண்டு படுத்தான். கருப்பந்துறைச் சுடுகாட்டில் விறகு போதவில்லை. குற்றாலலிங்கத்துக்கு உதடு வெடித்துவிட்டது. பிரம்மநாயகியே படுத்த படுக்கையாகக் கிடந்து, பிழைப்பாளோ மாட்டாளோ என்று அவரை அலைக்கழித்துவிட்டுத்தான் எழுந்தாள். அந்த நாட்களில் அதிகாரிகள் சந்தையை நிறுத்தியதையும் தெருவில் கூட்டம் சேரக் கூடாது என்றதையும் யாரும் குறை சொல்லவில்லை. உயிர் இருந்தால் போதும் என்றிருந்தது.

கார்த்திகை பாதியில் சுரம் தணிந்தது. சட்டம்தான் தணியவில்லை. சந்தை திறக்கவில்லை. கல்யாணத்துக்கு மேளம் கூடாது, காப்பி கிளப்பில் பெஞ்சு போடக் கூடாது, ஊரெல்லை தாண்டச் சீட்டு வேண்டும் என்று ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போயிற்று. சந்தையை நம்பியிருந்த வெற்றிலைக்காரர்களும் கருவாட்டுக்காரிகளும் வாய்விட்டே ஏசினார்கள்.

"சுரம் போயிட்டுவே. சட்டம்லா போகமாட்டேங்கு" என்பதுதான் எங்கே பார்த்தாலும் பேச்சு.

சட்டம் போகாததற்குக் காரணம் பத்திரிகை. பட்டணத்திலிருந்து ரயிலில் வருகிற பத்திரிகையைக் காப்பி கிளப் வாசலில் ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் பெஞ்சு இல்லாததால் தெருவில் தள்ளித் தள்ளி நின்று கேட்பார்கள். 'திருநெல்வேலியில் மரணத்தின் கோரத் தாண்டவம்! மேலத் தெருக்களில் சங்கொலி ஓயவில்லை! ஒரே நாளில் எட்டுப் பிரேதங்கள்!' என்று ஆச்சரியக்குறி போட்டுப் போட்டு எழுதியிருக்கும். அதைக் கேட்டதும் நேற்றுவரை திடமாக இருந்தவன்கூட வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அதிகாரிகளும் அதைத்தானே படிக்கிறார்கள்? மறுநாள் இன்னொரு தண்டோரா வரும்.

குற்றாலலிங்கமும் ஒருநாள் தெருவோரம் நின்று இதைக் கேட்டார். மற்றவர்களுக்குப் பயம் வந்த இடத்தில் அவருக்குக் கோபம் வந்தது. மேலத் தெருக்களில் எட்டு. அவர் ஊதியதோ இரண்டு சாவுக்கு. அப்படியானால் மீதி ஆறு சாவுக்கும் ஊதியவன் எவன்?

பத்திரிகை பொய் சொல்லும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அச்சில் வந்திருக்கிறதே! தம் தெருக்களில் எவனோ திருட்டுத்தனமாகப் புகுந்து சங்கூதுகிறான் என்றுதான் தோன்றியது. அப்படிப்பட்டவன் ஒருவன்தான் உண்டு, பேட்டைப் பிச்சைக்கண்ணு.

வீட்டில் சொல்லிக்கொள்ளாமல், சீட்டும் வாங்காமல், வயல் வரப்பு வழியாகப் பேட்டைக்கு நடந்தார். பிச்சைக்கண்ணு குடிசைக்கு முன்னால் பூத்தொடுத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, எந்த தைரியத்துல என் தெருவுக்குள்ள வந்து சங்கெடுக்க?"

பிச்சைக்கண்ணு நாரைக் கீழே வைத்தான். "நல்லா இருக்கே அண்ணாச்சி நியாயம்! நான்லா உம்ம வீட்டுக்கு வந்து சண்டை போடணும்னு இருந்தேன். பேட்டையில ஒரே நாள்ல ஆறு பேருன்னு பேப்பர்ல போட்டிருக்கான். இந்த வாரம் பூரா இங்கன ஒரு சாவு கிடையாது. அன்னா பாரும், சங்கைக் கழுவி உறியில போட்டிருக்கேன். அந்த ஆறுக்கும் நீருதான் வந்து ஊதினீருன்னு நான் நெனச்சுக்கிட்டிருக்கேன்!"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது பிச்சைக்கண்ணுதான். அப்புறம் இருவரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். சாவில்லாத ஊரில் சாவை எழுதியவன் யாரென்ற கேள்வியோடு குற்றாலலிங்கம் திரும்பினார்.

அதற்கு விடை நாலைந்து நாளில் கிடைத்தது. நாலாம் தெருவில் பழுத்த கிழவர் ஒருவர் காலமானார். சுரமுமில்லை, கிரமுமில்லை, வயசு. குற்றாலலிங்கம் பிரேதத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கும்போது ஊதினார். பாடை தூக்கும்போது ஊதினார். தெருமுக்கு திரும்பும்போது ஊதினார். மறுநாள் காலையில் சாம்பல் அள்ளக் காடாற்றுக்குப் போகும்போதும் ஊதினார். பத்திரிகையில் வந்தது: 'நாலாம் தெருவில் மட்டும் நான்கு மரணம்!'

ஒருத்தரை நாலாக்கியது தம்முடைய மூச்சுத்தான் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. யாரோ உட்கார்ந்து சங்கை எண்ணியிருக்கிறார்கள்.

யார் என்று சொன்னவள் சண்முகசுந்தரி ஆச்சி. ஏழாம் தெருவில் மச்சு வீடு. அவளுடைய கணவர் வைத்தியலிங்கம் பிள்ளை வக்கீல் குமாஸ்தா, பட்டணத்துப் பத்திரிகைக்கு ஊர்ச் சமாசாரம் எழுதி அனுப்புகிறவர். குற்றாலலிங்கம் சாமிக்குக் கட்டிக் கொண்டுபோன பூமாலையை வாங்கப் புறவாசலுக்கு வந்தவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவுக தம்பி இந்தச் சுரத்துல போனாருல்லா, அன்னையில இருந்து மச்சை விட்டு எறங்கல. சன்னலைச் சாத்திக்கிட்டு இருக்காக. சங்குச் சத்தம் கேட்டா விரலை மடக்குதாக. மேக்க இருந்து கேட்டா அது பேட்டைக் கணக்காம். சோறும் சரியா இறங்கல. எனக்குப் பயமா இருக்கு பண்டாரம்."

திட்டிவிட்டு வரலாம் என்று முன்வாசலுக்குப் போன குற்றாலலிங்கத்துக்கு அந்தத் தம்பிக்கும் தாமே சங்கூதியது நினைவுக்கு வந்தது. பையத்தான் கூப்பிட்டார். மச்சுச் சன்னல் ஒரு விரற்கடை திறந்தது.

"அங்கனயே நில்லும்! பக்கத்துல வராதேயும்!"

"நிக்கேன். பிள்ளைவாள், ஒரு சாவுக்கு நாலு தரம் ஊதுதது உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியாதாவே? கேட்டதை எழுதுதேன். கேக்கலைன்னு எழுதச் சொல்லுதீரா?" சன்னல் சாத்திக்கொண்டது.

தெரியாதவரில்லை. பயந்த மனுஷனுக்கு ஒவ்வொரு சங்கும் ஒரு புதுச் சாவாகவே கேட்டது. அவர் பயம் அச்சேறி ஊரார் பயமாயிற்று. அந்த ஊர்ப் பயத்தைக் கண்டு சுகாதார இன்ஸ்பெக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். சங்கொலியால் பொதுஜனங்கள் பீதியடைவதால், இன்று முதல் யாரும் எக்காரணம் கொண்டும் சங்கூதக் கூடாது.

குற்றாலலிங்கம் இன்ஸ்பெக்டரையே நேரில் போய்க் கேட்டார். "சாவுக்கு வேண்டாம், சரி எசமான். நாலு நாள்ல மார்கழி பொறக்கு. அதுக்கு?"

"சங்கு சங்குதான். ஊதினால் ஸ்டேஷன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

சங்கு நின்றது. மூன்றாம் நாள் ரயிலில் வந்த பத்திரிகையில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'மேலத் தெருக்களில் மயான அமைதி! சங்கூதவும் ஆளில்லை!'

காப்பி கிளப் வாசலில் இதைப் படித்தவர் நிமிர்ந்து குற்றாலலிங்கத்தைப் பார்த்து, "வே, நீரு செத்துட்டீருன்னு போட்டிருக்கான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அன்று மாலையிலிருந்து தெருக்களில் வேறொரு பயம் பிடித்தது. சத்தம் கேட்டாலாவது எந்த வீடு என்று தெரியும். சத்தமே இல்லாத தெருவில் எந்தக் கதவுக்குப் பின்னால் யார் கிடக்கிறார்களோ என்று ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். விளக்கு வைத்ததும் தாழ்ப்பாள்கள் விழுந்தன.

குற்றாலலிங்கத்துக்குத் தாங்கவில்லை. சாவுக்கு ஊதாதது போகட்டும். மார்கழி பிறந்தும் இந்தத் தெருக்கள் இப்படியே கிடந்தால், பத்திரிகைக்காரன் எழுதியது மெய்யாகிவிடும். தாம் உயிரோடு இருக்கும்போது அது நடக்கக் கூடாது. அதைவிட வேறு யோசனை அவருக்கு இல்லை.

மார்கழி முதல் தேதி, கிழக்கு வெளுப்பதற்கு முன்னால் குளித்து, நீறு பூசி, மாடத்திலிருந்து மஞ்சள் துணியை எடுத்து அவிழ்த்தார். பிரம்மநாயகி சேகண்டியைக் கையில் கொடுத்தாள்.

"புடிச்சிட்டுப் போனா?"

"போவான். திரும்பி வருவேன்லா?"

"அதுக்குச் சொல்லல. மத்தியானச் சோத்தை ஸ்டேஷனுக்குக் கொண்டுவரணுமான்னு கேட்டேன்."

இன்ஸ்பெக்டரைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. முதல் தெருவில் கால் வைத்தபோது வந்த கவலை வேறு. நாலு நாள் கழித்துச் சங்கைக் கேட்டதும் ஜனங்கள் அலறிக் கதவை இன்னும் இறுக்கிச் சாத்திக்கொண்டால் என்ன செய்வது? அவர் ஊதினார். ஒரு வீட்டில் குழந்தை அழுதது. யாரோ ஒரு பெண் "ஐயோ, யாரு வீட்டுலயோ!" என்று கத்தினாள். ஒரு கதவும் திறக்கவில்லை. குற்றாலலிங்கம் சேகண்டியை இரட்டைத் தட்டாகத் தட்டினார். சாவுக்கு ஒற்றைத் தட்டு. இரட்டைத் தட்டு மார்கழிக்கு மட்டும்தான். தொண்டையைத் திறந்து பாட்டை எடுத்தார்.

இரண்டாம் தெருவில் ஒரு சன்னல் திறந்தது. மூன்றாம் தெருவில் ஒருத்தி சாணித் தண்ணீர்ச் சட்டியோடு வாசலுக்கு வந்து, "மார்கழியாக்கும்! நான் மறந்தேபோனேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் வாசல் தெளிக்கிற சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரியும் வந்தாள். நாலாம் தெருவில் ஒரு போலீஸ்காரர் வந்து சேர்ந்தார். ஆனால் பாட்டுப் பாடுகிறவரை நடுவில் நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். ஐந்தாம் தெரு, ஆறாம் தெரு என்று வருவதற்குள் வாசலுக்கு வாசல் விளக்கு. சட்டப்படி கூட்டம் கூடவில்லை. அவரவர் வாசலில்தான் நின்றார்கள். தெரு நிறைந்திருந்தது.

ஏழாம் தெருவில் சண்முகசுந்தரி ஆச்சி கோலப்பொடியோடு ஏற்கெனவே குனிந்திருந்தாள். குற்றாலலிங்கம் மச்சுக்கு நேரே நின்று நீளமாக ஊதினார். சன்னல் முழுதாகத் திறந்தது. வைத்தியலிங்கம் பிள்ளையின் முகம் நரைத்த தாடியோடு தெரிந்தது.

"யாருவே போனது?" என்று மேலேயிருந்து கேட்டார்.

"யாரும் போகல பிள்ளைவாள். மார்கழி வந்திருக்கு."

பிள்ளை சன்னலிலிருந்து நகர்ந்தார். பிறகு மச்சுப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஆச்சி கோலத்தைப் பாதியில் விட்டு நிமிர்ந்தாள். ஐப்பசிக்கு அப்புறம் முதல் தடவையாக அவர் தெருவில் வந்து நின்று, வாசல் வாசலாக எரிகிற விளக்குகளையும் நிற்கிற ஜனங்களையும் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. குற்றாலலிங்கத்துக்கும்தான்.

போலீஸ்காரர் தொப்பியைத் தலையில் வைத்தார். "பாட்டு முடிஞ்சிட்டுல்லா? வாரும் பண்டாரம், ஸ்டேஷனுக்கு."

"நானும் வாரேன்" என்றார் பிள்ளை, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. "எத்தனை தரம் ஊதினாரு, எதுக்கு ஊதினாருன்னு சரியாச் சொல்ல ஒரு ஆள் வேணும்லா."

குற்றாலலிங்கம் சங்கைத் துடைத்து, மஞ்சள் துணியில் பத்திரமாகச் சுற்றி, போலீஸ்காரர் கையில் தாமே கொடுத்தார்.

"கீழ போட்டுராதேயும். ராத்திரிக்குள்ள திருப்பித் தந்துரணும். நாளைக்கும் மார்கழிதான்."