ஓடாத டயரின் வயது

வழக்கறிஞர் சிவக்கொழுந்து மறைந்த செய்தி, கடலூரில் உள்ள என் டயர் கடைக்குத் தொலைபேசியில் வந்தது. பேசியவர் நம் பழைய கார் நண்பர்கள் வட்டத்தின் தலைவர். “மேரிம்மா, வக்கீல் சாரு போயிட்டாரும்மா. புதுச்சத்திரத்தாண்ட டயரு வெடிச்சி வண்டி கவுந்துடுச்சி. எல்லாம் விதி” என்றார். இரங்கல் சொல்வதற்கு முன்பே என் வாயில் ஒரு கேள்வி வந்துவிட்டது: “எந்த டயரு?” “முன்னாடி, லெஃப்ட் சைடு” என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார்.

அவரைப் பற்றி “நல்லதா நாலு வார்த்த” எழுதித் தருமாறு வட்டத்தினராகிய நீங்கள் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். நல்லவற்றையே முதலில் எழுதுகிறேன். அவற்றில் பொய் இல்லை.

தந்தை வழியாக அவருக்கு வந்த சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் காரை அறியாதவர் நம்மில் எவருமில்லை. இரண்டு இருக்கை, திறந்த கூரை, கம்பி ஆரம் வைத்த சக்கரங்கள். அதற்கு டயர் மாற்ற வேண்டி சிதம்பரத்திலிருந்து அவர் என் கடைக்கு வந்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவள் நான். இத்தொழிலில் நான் அறிந்தவை அனைத்தும் நானே தேடிக் கற்றவை. என்னிடம் விலை கேட்போர் பலர். காரணம் கேட்டவர் அவர் ஒருவரே. நீதிமன்றத்தில் கேட்பது போலவே கேட்டார்.

“அகலமா போட்டா ரோட்ட நல்லா புடிக்காதா?”

“புடிக்கும் சார். அதுக்கு முன்னாடி ஒங்க மட்கார்ட புடிச்சிக்கும்.”

“சாட்சி தெளிவா இருக்காங்க” என்று வாய்விட்டுச் சிரித்தார். வண்டியின் எடைக்கும் வேகத்துக்கும் பழைய சக்கரத்தின் குறுகிய அளவுக்கும் ஒத்த புதிய ரேடியல் டயர்களையும், கம்பி ஆரச் சக்கரம் என்பதால் உள்ளே டியூபையும் நாங்கள் இருவரும் சேர்ந்தே தேர்ந்தெடுத்தோம். வெளியூரிலிருந்து அவற்றை வரவழைக்கச் சொன்னார்.

அடுத்த முறை அவர் வந்தபோது, தாள் சுற்றிய ஒரு டயர் அவர் கையில் இருந்தது. நம் தலைவர் தம் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுத்த நான்கில் ஒன்று. அந்தக் கார் முதன்முதலில் இறக்குமதியானபோது அணிந்திருந்த அதே வகை, தரையைப் பற்றும் அதே வரிக்கோடுகள். ஒருநாளும் சாலையைத் தொடாதது. அதன் பக்கவாட்டில் தயாரிப்புக் காலத்தைக் குறிக்கும் எண்ணை அவருக்குக் காட்டினேன். இரண்டாயிரமாம் ஆண்டு முதல் வந்த டயரில் நான்கு இலக்கம் இருக்கும். இதில் மூன்றே இருந்தன. சென்ற நூற்றாண்டின் சரக்கு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

“ஒரு நாள் கூட ஓடலியே மேரிம்மா.”

“ஓடாம ஊட்டுலயே குந்தினு இருந்தா நமக்கு வயசாவாதா சார்?”

நகத்தால் அழுத்திப் பார்த்தார். ரப்பர் கொம்பு போல் இறுகியிருந்தது. “ஒத்துக்கறேன்” என்றார். அவருக்குப் புரியவில்லை என்று எவரும் பின்னர் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். முழுமையாகப் புரிந்திருந்தது.

அதன் பின் நடந்த கூட்டத்தில் நீங்கள் அனைவரும் இருந்தீர்கள். பழைய கார் கண்காட்சிக்குச் செல்லும் வண்டி அன்றிருந்தபடியே இருக்க வேண்டும், புதிய டயர் போட்டால் பரிசு இல்லை என்று தலைவர் பேசினார். நான் எழுந்து, அந்த டயர்கள் வெயிலில் வேகம் தாங்கமாட்டா என்றேன். பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “ஒங்ககிட்ட வாங்கலன்னு கோவமா மேரிம்மா?” நீங்கள் சிரித்தீர்கள். வழக்கறிஞரும் சிரித்தார். “அவுங்களுக்கும் யாவாரம்னு ஒண்ணு இருக்குல்ல மச்சான்” என்று, அந்தக் குரல் வந்த திசையைப் பார்த்துச் சொன்னார். என் கடையில் அமர்ந்து என் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு ஏற்றுக்கொண்ட மனிதரின் வாயிலிருந்து அது வந்தது. அந்த வார ஞாயிற்றுக்கிழமையே பழைய டயர்கள் மாட்டப்பட்டன. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கற்பூரம் காட்டி, கைதட்டி அனுப்பினீர்கள்.

அன்று மாலை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “கோச்சிக்காதீங்க. ஒரே ஒரு தடவ. கண்காட்சி முடிஞ்சி வந்ததும் ஒங்க டயர மாட்டிடறேன்.”

“நாலு பேரு சிரிச்சதுக்கா சார்?” என்றேன். கண்காட்சியில் அவர் பரிசு பெற்றார். ஊர் திரும்பும் வழியில் இறந்தார்.

காரியத்துக்கு நான் சிதம்பரம் சென்றபோது, உருக்குலைந்த கார் வீட்டுக் கொட்டகையில் நின்றிருந்தது. தலைவர் அதைச் சுற்றிவந்து, “மீதி மூணும் புதுசு மாதிரியே கெடக்கு. வேற வண்டிக்கு ஆவும், எடுத்து வெச்சிக்கலாம்” என்றார். நான் வழக்கறிஞரின் மனைவி தனலட்சுமி அக்காவிடம் சென்று, அந்த மூன்றையும் எனக்குத் தருமாறு கேட்டேன். “இன்னும் எவ ஊட்டுக்காரருக்குடி மாட்டப் போறானுவோ? நீயே எடுத்துக்க” என்றார். இரும்பறுக்கும் ரம்பம் ஒன்றை வாங்கிவரச் செய்து, அங்கேயே, உங்களில் பலர் பார்த்திருக்க, மூன்றையும் குறுக்கே அறுத்துப் போட்டேன். அப்போது எவரும் சிரிக்கவில்லை.

பண்பாளர், சட்டம் அறிந்தவர், எவரையும் புண்படுத்தாதவர் என்று பிறர் எழுதுவார்கள். எவரையும் புண்படுத்த மாட்டாத அந்தப் பண்புதான் அவரைக் கொன்றது என்பது என் துணிபு. அவரால் எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. இப்போதெல்லாம் என் எதிரே அமர்ந்து “சரிம்மா, நீங்க சொல்றதுதான்” என்று எவரேனும் தாழ்ந்த குரலில் சொன்னால், அவரை எழுப்பி, கடை வாசலில் காத்திருக்கும் அவருடைய கூட்டாளிகளிடம் அதையே உரக்கச் சொல்லிவிட்டு வரச் சொல்கிறேன். சொல்லிவிட்டு வந்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்றுகிறேன்.