மருந்து அறையில் இருபதாவது சொல்

பெயர் ஆறுமுகத்தாய். பிறந்தது 1982, பசுவந்தனை. கணவர் தங்கப்பாண்டி, மானாவாரியில் உளுந்தும் சோளமும் போடுபவர். ஒரே மகள் இசக்கிச்செல்வி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆறுமுகத்தாய் 2006 முதல் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் குச்சி முனைக்கான மருந்து கலக்குகிறார். தேர்வு நடந்தது 2024 ஜூலை 15, திங்கட்கிழமை.

தேர்வு வைக்கச் சொன்னவர்கள், இந்த ஆலையில் தீப்பெட்டி வாங்கும் வெளிநாட்டு வணிகர்கள். மருந்துப் பீப்பாய்களில் அச்சிட்ட இருபது ஆங்கிலச் சொற்களையும் மருந்து கலக்கும் ஒவ்வொருவரும் மருந்து அறையிலேயே நின்று சொல்ல வேண்டும்; தமிழில் பொருள் கூற வேண்டும்; வாக்கியத்தில் வைத்துக் காட்ட வேண்டும். ஒன்று தவறினாலும் அறையில் இடமில்லை. மற்ற வேலைகளை இயந்திரம் பிடித்துக்கொண்டதால், அறையை இழந்தால் வீட்டுக்குத்தான் போக வேண்டும். மகளின் படிப்பும் அத்தோடு நிற்கும்.

காலைப் பேருந்தில் மகளே சொல்லிக் கொடுத்தாள்.

"ஏட்டி, இதெல்லாம் என் மண்டையில நிக்குமா?"

"ஒன் சொந்த வாக்கியமா இருந்தா நிக்கும்மா. ஸ்பில்னா சிந்துறது. நேத்து என்னத்தச் சிந்துன?"

"ரசத்த."

"ஐ ஸ்பில்ட் ரசம். அம்புட்டுதான்."

இப்படியே பத்தொன்பது சொற்கள் படிந்தன. இருபதாவது எல்லோரும் அறிந்த எளிய சொல்: ஃபயர். அதை மட்டும் ஆறுமுகத்தாய் சொல்லிப் பார்க்கவேயில்லை.

அந்த அறைக்குள் அதன் பெயரை எவரும் சொல்வதில்லை. தவிர்க்க முடியாதபோது, பெரியவர்களை 'அவர்கள்' என்று மரியாதையாகக் குறிப்பதுபோல் 'அவிய' என்பார்கள். 2013இல் புதிதாக வந்த ஒருத்தி, விளையாட்டாக அந்தச் சொல்லைக் கூவினாள். மதியத்துக்குள் மருந்துத் தொட்டி பற்றிக்கொண்டு, உடன் வேலை செய்யும் சத்தியபாமாவின் வலது கை முழங்கைவரை வெந்துபோயிற்று. இரும்புக் கரண்டி உரசியதே காரணம் என்றார்கள் விசாரிக்க வந்தவர்கள். பெண்கள் அதை மறுக்கவில்லை. அந்தச் சொல்லை மன்னிக்கவுமில்லை.

"இங்கிலீசுல சொன்னா அவியளுக்கு வெளங்காதுட்டி. நம்மளாட்டம் அவியளும் பள்ளிக்கூடத்துல பாதியில நின்னவியதான" என்று தேர்வன்று காலை சத்தியபாமா கேலி செய்தாள். சிரித்தவர்கள் சத்தமில்லாமல் சிரித்தார்கள். பொருளைத் தமிழில் சொல்ல வேண்டுமே என்பதை யாரும் நினைவூட்டவில்லை.

காலைக் கலவையை முடித்து வெளியே வந்த ஏழு பேரும் தேர்வுக்காக, வழக்கம்போலச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். பாதுகாப்பு அதிகாரியாகப் புதிதாக வந்திருந்த செண்பகராஜ் முதலில் ஆறுமுகத்தாயை அழைத்தார். பத்தொன்பது சொற்கள் தடையின்றி வந்தன. ரசம் சிந்தியதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே அவர் கடைசிச் சொல்லைச் சுட்டினார்.

"பொருள் சொல்லுங்கக்கா."

"அவியதான் சார்."

"எவிய? பேரச் சொல்லணும்க்கா. இதுல விட்டா மொத்தமும் போச்சு."

பின்னால் நின்ற ஆறு பேரையும் ஆறுமுகத்தாய் திரும்பிப் பார்த்தார். தொட்டியில் காலை கலந்த மருந்து ஈரம் மின்னக் கிடந்தது.

"இவியள வெளிய அனுப்புங்க சார். நான் ஒத்தையில நின்னு சொல்லுதேன்."

"என்னக்கா இது!" என்றவர், அந்த முகத்தைப் பார்த்ததும் கதவைக் காட்டினார். ஆறு பேரும் வேப்பமரத்தடிக்குப் போனார்கள். சத்தியபாமா கடைசியாக, வெந்த கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள்.

ஆறுமுகத்தாய் மணல் வாளியைக் காலருகே இழுத்து வைத்தார்.

"ஃபயர். தீ. தேர் இஸ் நோ ஃபயர் இன் திஸ் ரூம்."

சொல்லிவிட்டு மூச்சை அடக்கித் தொட்டியையே பார்த்தார். செண்பகராஜும் தன்னையறியாமல் அதையே பார்த்தார். ஈ ஒன்று விளிம்பில் உட்கார்ந்து எழுந்தது. வேறெதுவும் நடக்கவில்லை.

"சரியாச் சொல்லிட்டீங்கக்கா, பாஸாயிட்டீங்க" என்றபோது அவர் குரலும் தணிந்திருந்தது. "அடுத்து சத்தியபாமாவ வரச் சொல்லுங்க."

ஆறுமுகத்தாய் வாசலுக்கு வந்தார். அவர் பிழைத்திருப்பதைப் பார்த்த பிறகே பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். சத்தியபாமா மரத்தடியில் இல்லை. வாசலில் அவளுடைய செருப்பும் இல்லை. ஆலைக் கதவைக் கடந்து, பேருந்து நிறுத்தத்தை நோக்கி அவள் போய்க்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லை அவள் வாயால் சொல்லமாட்டாள் என்பது தெரிந்ததால் ஆறுமுகத்தாய் கூப்பிடவில்லை.

அன்றைய மருந்து அறை வருகை: காலையில் ஏழு பேர், மாலையில் ஆறு பேர்.