பச்சைப் பலகையில் எழுதாத பெயர்

பச்சைப் பலகையில் எழுதியதைச் சாட்சியாக வைத்து ஒரு மனுஷியை வேலையிலிருந்து துரத்தியது நீங்கள்தான், மனேஜர் சேர். இப்போது அதே பழக்கத்தைக் கண்டி நகரத்தில் வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுப்பதும் நீங்கள்தான்.

இந்தக் கடிதத்தை வாசிப்பவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். குண்டசாலைப் பக்கம் தேயிலையைப் பக்கெட்டில் அடைக்கும் இடமொன்றில் நான் லேபல் ஒட்டும் மெசினில் வேலை செய்கிறேன். காலையில் வரவு பதிய விரல் வைக்கும் கருவிக்குப் பக்கத்தில் அந்தப் பலகை தொங்கியது. அன்றைக்கு எத்தனை பெட்டி முடிக்க வேண்டும் என்று எழுதத்தான் அதை மாட்டியிருந்தார்கள். எங்கள் பகுதியின் சூப்பர்வைசர் வத்தேகமயிலிருந்து வருபவர். எல்லோருக்கும் அவர் அக்கா. முதல் பஸ்ஸில் வந்து, யாரும் உள்ளே வருவதற்கு முன்னரே பலகையின் இடது மூலையில் தன்னுடைய முந்தைய நாள் பிழையை எழுதி, கீழே கையெழுத்தும் வைத்துவிடுவார். ஒருநாள் இப்படி எழுதியிருந்தார்: "நேற்றுக் கோபத்தில் ஒரு பிள்ளையை எல்லோர் முன்னாலும் ஏசினேன். இன்று எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்." சொன்னபடியே கேட்டார். ஏச்சு வாங்கியவள்தான் வெட்கத்தில் மெசினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

நான் அதை நம்பவில்லை. மஹய்யாவ தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்தவள் நான். கடதாசியும் பேனையுமாக யாராவது வந்தால், பெயரைச் சொல்வதற்கு முன் எதற்கு என்று கேள் என்பதுதான் எங்கள் வீட்டுப் பாடம். அக்கா தன் பிழையை எழுதிக் காட்டி எங்கள் வாயைக் கிளறப் பார்க்கிறார், நாளைக்கு அதை அலுவலகத்துக்குக் கொண்டுபோவார் என்றுதான் நினைத்தேன். "என்னக்கா, பாவமன்னிப்பா? சாமியாரக் கூப்பிடவா?" என்று நக்கலாகக் கேட்டேன்.

"சாமியாருக்குச் சொன்னா அவரு மட்டுந்தான் கேப்பாரு. இங்க எழுதினா நீங்க முப்பது பேரும் சிரிப்பீங்க. அந்தப் பயத்துலயே திருந்திருவேன் தங்கச்சி. ஒங்கள மேய்க்கிறதுக்கு முன்னுக்கு என்னைய மேய்ச்சுப் பழகணும்ல?" என்றார்.

எங்களை எழுதச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்கவில்லை. ஆனாலும் ஒருத்தி எழுதினாள், பிறகு இன்னொருத்தி. நானும் "மெசினைத் துடைக்காமல் போனேன்" என்று எழுதினேன். எழுதிய அன்று யாரும் சொல்லாமலே துடைத்தேன். மறுநாளும் துடைத்தேன். தலைமை என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அது கதிரையோடு வருவதில்லை, தினமும் காலையில் ஒரு வரி எழுதுவதிலிருந்து வருகிறது.

அதற்குப் பிறகுதான் நீங்கள் போனோடு வந்தீர்கள், சேர். "நல்ல பழக்கம், விடாம எழுதுங்க" என்று சொல்லித் தினமும் பலகையைப் படம் எடுத்தீர்கள். நீங்கள் மட்டும் எழுதவில்லை. "சேருக்குப் பிழையே வராதா?" என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு, "எழுத நேரம் இல்லம்மா" என்று சிரித்தீர்கள். எனக்கு அந்தச் சிரிப்பு அன்றைக்கே பிடிக்கவில்லை. படம் எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பாடத்தை நான் மறந்தது அந்த இடத்தில்தான்.

பிறகு அந்த அவசர ஓடர் வந்தது. பழைய திகதி போட்ட லேபல் சுருளும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. வாசலில் லொறி உறுமிக்கொண்டு நின்றது. அக்கா ஒரு பெட்டியைத் திறந்து பார்க்கக் குனிந்தார். "பார்த்துக்கிட்டு நிக்க நேரமில்ல, சைன் பண்ணுங்க" என்றீர்கள். பண்ணினார்.

மறுநாள் காலையில் புதிய சுருள் அப்படியே மிஞ்சியிருந்ததைப் பார்த்தே அக்காவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பலகையில் எழுதினார்: "நேற்று லேபலைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். இன்றே அலுவலகத்தில் சொல்கிறேன்." அவசரப்படுத்திய உங்கள் பெயரும் அதில் இல்லை, என் பெயரும் இல்லை. சோக்கைப் பலகையின் விளிம்பில் வைத்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். நான் சோக்குக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். நாளைக்கு எழுதலாம் என்று மெசினுக்குப் போய்விட்டேன்.

பழைய திகதியோடு போன பெட்டிகள் திரும்பி வந்தன. விசாரணை மேசையில் நீங்கள் பரப்பி வைத்தது லேபலை அல்ல, பலகையின் படங்களை. மாதக்கணக்கான படங்கள். "எல்லாம் ஒங்க கையெழுத்துலயே இருக்குதானே? இவ்வளவு பிழை விடுற ஆள எப்படி வச்சிருக்கிறது?" என்று அக்காவைக் கேட்டீர்கள். பிழையே எழுதாத நீங்கள் பிழையில்லாதவர் ஆனீர்கள். என்னையும் கூப்பிட்டு லேபலைப் பற்றிக் கேட்டீர்கள். தெரியாது என்றேன். "அந்தப் பிள்ளைய விடுங்க, கையெழுத்து என்னோடது" என்றார் அக்கா. அன்றைக்கே விலகல் கடிதம் எழுதி வாங்கினீர்கள். அடுத்த நாள் பலகையும் இல்லை. சுவரில் நான்கு ஆணித் துளைகள் இருந்தன. இன்றைக்கும் இருக்கின்றன.

நான் சந்தேகப்பட்டது சரி. ஆள்தான் பிழை.

போன சனிக்கிழமை எங்களை உங்கள் வகுப்புக்கு அனுப்பினார்கள். தினசரிப் பழக்கங்களால் தன்னைத்தானே வழிநடத்துவது பற்றி. நீங்கள் இப்போது பயிற்சி கொடுப்பவராம். "நான் மனேஜரா இருந்த காலத்துல ஒரு பழக்கம் கொண்டுவந்தேன்" என்று கூசாமல் ஆரம்பித்தீர்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வரிசையாகப் போய் வெள்ளைப் பலகையில் தங்கள் பிழைகளை எழுதினார்கள். நீங்கள் போனை எடுத்துப் படம் பிடித்தீர்கள். அந்தப் படங்கள் எங்கே போகும், சேர்?

வத்தேகம சந்தையில் மசாலாக் கடையொன்றில் தூள் பக்கெட் செய்துகொண்டிருக்கும் அக்காவிடம் போய் இதைச் சொன்னேன். "பழக்கம் நல்லதுதானே, யாரு சொன்னா என்ன?" என்று சிரித்தார். பிறகு பக்கெட்டை ஒட்டிக்கொண்டே கேட்டார்: "அது சரி, நீ எழுதினியா?"

இல்லை. பலகை இல்லாததால் இங்கே எழுதுகிறேன். பழைய லேபல் சுருளை மெசினில் மாட்டியது நான். விசாரணையில் தெரியாது என்று பொய் சொன்னதும் நான்.

இனி உங்கள் முறை, சேர். வருகிற சனிக்கிழமை முன்வரிசையில் வந்து உட்காருவேன். பிள்ளைகளின் கையில் பேனையைக் கொடுப்பதற்கு முன் எல்லோர் முன்னாலும் நீங்கள் எழுதுங்கள்: பார்க்காமல் சைன் பண்ணச் சொன்னது யார்? படங்களை விசாரணை மேசைக்குக் கொண்டுவந்தது யார்? எழுதிக் கீழே கையெழுத்தும் போடுங்கள்.