ஓரமா நிறுத்துங்க, உஸ்தா

இம்பாபா பேட்டையிலிருந்து புறப்படும் வேன்களில் மணியும் கிடையாது, நடத்துநரும் கிடையாது. இறங்க வேண்டியவர்தான் ஓட்டுநரைப் பார்த்து, "ஓரமா நிறுத்துங்க, உஸ்தா!" என்று கத்த வேண்டும். வெதாத்துக்கு அது வராது. கணவர் பக்ரி இருந்தவரை அவர் கத்தினார். அவர் இறந்தபின் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள், வேறு யாராவது இறங்கும் இடத்தில் தானும் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தாள். தினமும் தாமதம்.

"நாளைக்கும் லேட்டுன்னா அப்படியே வீட்டுக்குத் திரும்பிடு" என்று மேற்பார்வையாளர் ஃபிக்ரியா சொல்லிவிட்டாள். காரணத்தை எந்த வாயால் சொல்வது?

மறுநாள் மருத்துவமனை மதில் தெரிந்ததும் வேனுக்குள் கண்ணை ஓட்டினாள். யாரும் அசையவில்லை. பாட்டு அலறிக்கொண்டிருந்தது.

"ஓரமா..." என்றாள். அவளுக்கே கேட்கவில்லை.

பக்கத்தில் தக்காளிப் பையோடு இருந்த பெண் திரும்பினாள். "இறங்கணுமா? இரு, நான் சொல்றேன்."

"வேண்டாம்க்கா! நானே சொல்றேன்."

"அப்ப சொல்லித் தொலை. ஆஸ்பத்திரி கேட் தாண்டப் போகுது!"

வெதாத் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தாள்.

"உஸ்தா! நிறுத்துங்க!"

வேன் குலுங்கி நின்றது. தக்காளிகள் உருண்டன. ஓட்டுநர் பாட்டை அணைத்துவிட்டுத் திரும்பினார். "வேனைத்தானே நிறுத்தச் சொன்னீங்க? என் நெஞ்சே நின்னுடுச்சு, அக்கா!"

"என் பொண்ணு கல்யாணத்துக்கு வந்துடும்மா. குலவை போட நீ ஒருத்தி போதும்" என்றார் பின்சீட்டுப் பெரியவர்.

எல்லோரும் சிரித்தார்கள். வெதாத்தின் காது மடல் சுட்டது. இத்தனை மாதம் பயந்த அவமானம் இதுதான். அவள் குனிந்து தக்காளிகளைப் பொறுக்கிக் கொடுப்பதற்குள் அது முடிந்தும் போனது.

"வந்துட்டியா மகாராணி..." என்று வழக்கம்போல் ஆரம்பித்த ஃபிக்ரியா, கடிகாரத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "ம். போ, விரிப்பெல்லாம் கிடக்கு."

வெதாத் விரிப்புகளை அள்ளி இயந்திரத்தில் திணித்தாள். ஒரே ஒருமுறை கத்தியதைத் தைரியம் என்று சொல்லலாமா என்று அவளுக்கே தெரியவில்லை. மாலையில் வீடு திரும்பும்போது மறுபடி கத்த வேண்டுமே. இயந்திரத்தின் இரைச்சலுக்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்: "பள்ளிவாசல் முக்குல நிறுத்துங்க, உஸ்தா."

"என்னடி சொல்றே?" என்றாள் பக்கத்து இயந்திரத்துக்காரி.

வெதாத் இன்னும் சத்தமாகச் சொன்னாள்.