எல்லோரும் படித்த கட்டுரை

அடுத்தவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பதுதான் என் அண்ணிக்கு வேலை. வம்பு இல்லை, ஆராய்ச்சி! படித்த பெரிய மனிதர்கள் தங்களுக்கு வேண்டியதை இணையத்தில் எப்படித் தேடுகிறார்கள், எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் அவருடைய முனைவர் பட்டத்துக்கான தலைப்பு. கல்லூரி நூலக வேலையிலிருந்து சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, பேராசிரியர்களிடம் அனுமதி வாங்கி, அவர்கள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். வீட்டில் நான் கைப்பேசியை எடுத்தாலும் கழுத்து நீளும். நாத்தனார் செய்ய வேண்டிய வேலையை அண்ணியே செய்தால், அப்புறம் நான் எதற்கு இருக்கிறேன்?

அவர் கண்டதைக் கேட்டால் சிரித்து மாளாது. வாயால் கேட்டால் எல்லாரும் முறையாகத்தான் தேடுகிறார்களாம். பின்னால் உட்கார்ந்து பார்த்தால், தேடல் முடிவில் முதல் பக்கத்தைத் தாண்டி ஒருவரும் போவதில்லை. போன மாதம் இறக்கிய கட்டுரையையே மறுபடி இறக்குகிறார்கள். இறக்கிவிட்டாலே படித்துவிட்ட திருப்தி. ஒன்றும் அகப்படாவிட்டால் நண்பருக்குப் போன்.

இதையெல்லாம் ஓர் அத்தியாயமாக எழுதி நெறியாளரிடம் கொடுத்தார். அந்த மனிதருக்கு நான் வைத்திருக்கும் பெயர் அடிக்குறிப்பு. யாரையாவது மேற்கோள் காட்டாமல் மழை பெய்கிறது என்றுகூடச் சொல்லமாட்டார். இதையெல்லாம் பத்து வருடத்துக்கு முன்பே ஒருவர் எழுதிவிட்டார் என்று சொல்லி, ஒரு கட்டுரையின் பெயரையும் கொடுத்து அனுப்பிவிட்டார். ஏற்கெனவே ஒருவர் சொன்னதையே சொன்னால் பட்டம் கிடையாது. அண்ணி வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். மூன்று வருட உழைப்பு, விடுப்பும் முடியப்போகிறது.

மறுநாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் ஏராளம். கட்டுரையைத்தான் காணோம். அது வெளிவந்ததாகச் சொன்ன இதழைத் தோண்டி எடுத்தார். கட்டுரை நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் தொடங்குகிறது என்று எல்லாரும் ஒரே வாயாக எழுதியிருக்கிறார்கள். இதழோ தொண்ணூற்றாறோடு முடிந்துபோகிறது. மேற்கோள் காட்டியவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஒருவர் இன்னொருவரைப் பார்த்து எடுத்தாராம், அவர் வேறொருவரைப் பார்த்தாராம், மூன்றாமவருக்குச் சரியாக அந்த வாரம்தான் கணினி கெட்டுப்போயிற்றாம். அடப்பாவிகளா! பிறக்காத பிள்ளைக்கு ஊரே கூடிப் பெயர் வைத்திருக்கிறது. வாலைப் பிடித்துக்கொண்டே போனால், எல்லாருக்கும் முதலில் அதை மேற்கோள் காட்டியவர் சாட்சாத் அடிக்குறிப்பேதான்.

அண்ணிக்குச் சந்தோஷத்துக்குப் பதில் பயம் பிடித்துக்கொண்டது. அத்தியாயத்தை ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டியவரிடம் இதை எந்த வாயால் சொல்வது? துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அவர் அறையில் உட்காருவதற்கே நாற்காலியிலிருந்த புத்தகக் கட்டுகளைத் தரையில் இறக்கி வைக்க வேண்டியிருந்தது. அண்ணி மென்று விழுங்கி, அந்தக் கட்டுரை எங்குமே கிடைக்கவில்லை, பிரதி இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார்.

"நான் படிச்சிருக்கேம்மா, நல்ல கட்டுரை. நீ சரியா தேடியிருக்க மாட்டே," என்று கணினிப் பக்கம் திரும்பினார் அவர்.

அண்ணி பழக்கதோஷத்தில் நாற்காலியை அவர் முதுகுக்குப் பின்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க இருமல்தான் கைகொடுத்தது. அடிக்குறிப்பு தேடல் முடிவில் முதல் பக்கத்தைப் பார்த்தார், அதைத் தாண்டவில்லை. தன் கணினியில் 'புதிய கோப்புறை' ஒன்றைத் திறந்தார். அதற்குள் இன்னொரு 'புதிய கோப்புறை'. நண்பருக்குப் போன் போட்டார், அவர் எடுக்கவில்லை. அண்ணி எழுதிய அத்தியாயம் வரி பிசகாமல் என் கண்முன் நடந்துகொண்டிருந்தது. கடைசியில் வேறொரு கட்டுரையைத் திறந்து திரையைத் தட்டிக் காட்டினார்.

"இதோ, இவங்க மேற்கோள் காட்டியிருக்காங்க பாரு. இல்லாததையா காட்டுவாங்க?"

"யார் எழுதினது சார் இது?"

மேலே நகர்த்திப் பார்த்தார். அவர் பெயர்தான் இருந்தது. காது இரண்டும் சிவந்து, பேந்தப் பேந்த விழித்தார்.

"அந்தக் கட்டுரையை யாருமே எழுதல சார்," என்றார் அண்ணி. "இதழே தொண்ணூத்தாறாம் பக்கத்தோட முடிஞ்சுடுது."

போச்சு, மூன்று வருடமும் தண்ணீரில் போயிற்று என்றே நினைத்தேன். அடிக்குறிப்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு திரையை ஒருமுறை பார்த்தார். பிறகு அண்ணியின் அத்தியாயத்தை இழுத்து வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"அப்ப நீதாம்மா முதல்ல எழுதுற," என்றார். "இல்லாத கட்டுரையை நான் காட்டினதையும் என் பேரைப் போட்டே எழுது. எப்படியும் யாரும் திறந்து பார்க்கப்போறதில்ல."