எனக்கு மட்டும் திருத்தி அனுப்பியவை

கோவில்பட்டியில் ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருஷமாகப் புரூஃப் பார்க்கிறேன். தீப்பெட்டி லேபிள், கடலைமிட்டாய் டப்பா, கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கம், எல்லாம் என் சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். கண் போய்விட்டது. கழுத்தும் போய்விட்டது. தப்புகள் மட்டும் போகவில்லை.

அதைவிட அலுப்பு, தப்பு என்று நான் அடித்ததெல்லாம் ஒவ்வொன்றாகச் சரி என்று ஆகிக்கொண்டிருப்பது. 'ப்ரிபோன்' என்று ஒரு சொல்லே கிடையாது என்று எத்தனை பேரிடம் மல்லுக்கட்டியிருப்பேன்! 'போஸ்ட்போன்' தள்ளிவைப்பது என்றால் இது முன்னால் வைப்பதாம். நம் ஆட்கள் உண்டாக்கிய சொல். இப்போது பெரிய அகராதியிலேயே சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. முதலாளி போனில் அதைக் காட்டிச் சிரித்தார். "அக்கா, இங்கிலீஷே நம்ம பக்கம் வந்துட்டு. நீங்கதான் இன்னும் அங்கனயே நிக்குதீங்க." பேனாவை மூடி வைத்தேன்.

வீட்டில் மூடியதில்லை. மகள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆங்கிலத்தில்தான் செய்தி அனுப்புவாள். தமிழில் தட்ட நேரமாகிறதாம். பாதிச் சொல்லை விழுங்கி, புள்ளி இல்லாமல், பொம்மை முகங்களோடு வரும். "டிஸ்கஸ் அபவுட் இல்லை, வெறும் டிஸ்கஸ்" என்று பதில் போடுவேன். காய்ச்சல் என்று அவள் எழுதிய நாளிலும் முதலில் பிழையைத்தான் சொன்னேன். மாத்திரை போட்டாயா என்று கேட்டது அதற்குப் பிறகு.

போன வருஷம் அவள் ஆங்கிலம் மாறியது. முழு வாக்கியங்கள். கமா இருக்க வேண்டிய இடத்தில் கமா. நான் நலம், நீங்களும் நலம் என நம்புகிறேன் என்று அளந்து வைத்தாற்போல வரும். அச்சகத்தில் எல்லாரிடமும் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

பொங்கலுக்கு வந்தவள் லீவு முடிந்தும் கிளம்பவில்லை. உளுந்து களைந்துகொண்டே கேட்டேன். "ஏட்டி, ஆபீஸுக்குப் போவண்டாமா?"

"வேலை போயி நாலு மாசம் ஆச்சும்மா."

கை அப்படியே நின்றுவிட்டது. "மெசேஜ்ல ஒரு வார்த்தை சொல்லலையேட்டி?"

"உனக்கு அனுப்புத மெசேஜ மட்டும் ஏஐட்ட குடுத்துத் திருத்தித்தான் அனுப்புதேன். வேற யாருக்கும் அப்படிச் செய்யல. வேலை போன அன்னைக்கு அழுதுகிட்டே உனக்கு எழுதுனேன். பூராத் தப்பு. திருத்தக் குடுத்தா, யாரோ யாருக்கோ எழுதுன லெட்டர் மாதிரி ஆயிட்டு. திருத்தாம அனுப்புனா நீ தப்பத்தான் பாப்ப. ரெண்டையும் அழிச்சிட்டேன்."

குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாலு மாசம் என் பிள்ளை அந்த ஊரில் தனியாகக் கிடந்திருக்கிறாள். நான் இங்கே கமாவைப் பார்த்துப் பூரித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. "இனிமே மனசுல வாரத அப்படியே எழுதுட்டி" என்றேன். தலையை ஆட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை.

போன வாரம் வேலை தேடித் திரும்பப் போனாள். நேற்று மதியம் பட்டாசுப் பெட்டி லேபிள் ஒன்றில் குனிந்திருந்தபோது செய்தி வந்தது. இன்டர்வியூ சரியாகப் போகவில்லை, பயமாக இருக்கிறது என்று. பாதிச் சொல்லை விழுங்கி, புள்ளி இல்லாமல். தப்புகள் ஏழு. எண்ணாமல் இருக்க முடியவில்லை, பாழாய்ப்போன பழக்கம்.

ஆங்கிலத்தில் என்ன எழுதினாலும் புரூஃப்காரி குரல் வந்துவிடும் என்று பயந்து, தமிழில் தட்டினேன். "நான் அங்க வரட்டுமாட்டி?"

'வா' என்று ஒற்றை எழுத்து தமிழில் வந்தது. லேபிளைப் பாதியில் போட்டுவிட்டு முதலாளியிடம் லீவு கேட்கப் போனேன்.