சுகம் விசாரிக்காத புலனாய்வாளன்

எங்கள் நூலகத்துக்கு அன்பளிப்பாக வந்த பெட்டியொன்றில் ஒரே நாவலின் இரண்டு பிரதிகள் இருந்தன. குளிர்நாட்டுத் துறைமுக நகரமொன்றில் கொலையுண்ட கப்பல் தலைவனைப் பற்றிய மொழிபெயர்ப்புத் துப்பறியும் கதை. அதன் பின்னட்டையில், ஒரு முன்னாள் இராணுவப் புலனாய்வாளன் மறுபடியும் கதவுகளைத் தட்டத் தொடங்குகிறான் என்று எழுதியிருந்தது. போருக்குப் பின் புலனாய்வாளர்கள் வீடு வீடாக வந்து விசாரித்த புதுக்குடியிருப்பில் அந்த வரி எப்படி வாசிக்கப்படும் என்பது எனக்குத் தெரியும். புத்தகத்தை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அதை வெளியே எடுக்க வைத்தவர் எங்கள் சனிக்கிழமை வாசிப்பு வட்டத்தின் மூத்த உறுப்பினர். புத்தளத்தில் நீண்டகாலம் இடம்பெயர்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்து, கணவருடன் புடவைக்கடை நடத்துகிறவர்.

"ரீச்சர், போன மாசம் தந்த புத்தகத்துக்கு முழுக்க அழுதாச்சு. இந்த மாசம் ஆரையாவது போட்டு அடிக்கிற கதையாத் தாங்கோ" என்றார். நூலகத்துக்கு வருமுன் நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். அந்தப் பட்டம் இன்னும் என்னை விடவில்லை.

ஒரு பிரதி ஊருக்குள் கைமாறியது. மற்றதை நாயாற்றிலிருந்து வரும் தோழிக்குக் கொடுத்தேன். அவளுடைய கணவர் களப்பிலும் கடலிலும் மீன்பிடிக்கிறவர். சனிக்கிழமைகளில் அவள் கடைகளுக்குக் கருவாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நூலகத்துக்குள் நுழைவாள். பள்ளிக்கூடம் விட்டபின் பல ஆண்டுகள் புத்தகமே தொடாமல் இருந்தவள், எங்கள் வட்டத்தில் உரத்து வாசிக்கும் குரலாகியிருந்தாள். "ஆரும் என்னட்டைச் சோறு கேக்காத நேரம் இது ஒண்டுதான்" என்று ஒருமுறை சொன்னாள்.

அன்று அவள் பின்னட்டையைக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு பழைய பத்திரிகைத் தாள் ஒன்று கேட்டு வாங்கி, புத்தகத்துக்கு உறை போட்டுக்கொண்டு போனாள்.

அடுத்த கூட்டத்துக்கு அவள் வரவில்லை. மற்றவர்கள் புலனாய்வாளனைக் கூண்டில் ஏற்றியிருந்தார்கள்.

"நாலு பேர் சேந்து அடிக்கிறாங்கள், ஒரு பொத்தான்கூடக் கழரேல்லை" என்றார் புடவைக்கடை அக்கா. "அது எந்தக் கொம்பனிச் சேட்டெண்டு கேட்டுச் சொல்லுங்கோ ரீச்சர், நானும் எடுத்து விக்கிறன்."

ரியூசன் வகுப்பில் கணிதம் படிப்பிக்கும் இளம் பெண் வாயைக் கையால் பொத்தியபடி இருந்தாள். எந்தக் கதையையும் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறவள் என்பதால், கொலையாளியைப் பற்றி அவள் வாய் திறப்பதற்குத் தடை இருந்தது.

"இன்னொண்டு" என்றார் அக்கா. "இவன் ஊரில எல்லாரையும் விசாரிக்கிறான். ஒருத்தரையாவது சுகம் விசாரிச்சானே? பாருங்கோ, தேத்தண்ணி குடுத்த மனுசியைக்கூட 'எப்பிடி இருக்கிறியள்' எண்டு கேக்கேல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் என் கண் வெறுமையாகக் கிடந்த கதிரையிலேயே நின்றது.

அதற்கடுத்த சனியும் அவள் வரவில்லை. தொலைபேசியிலும் அகப்படவில்லை. கூட்டம் முடிந்தபின் அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கருவாடு கொண்டு வந்தவா ரீச்சர். எங்கட கடை வரைக்கும் வந்திட்டு, நூலகப் பக்கம் திரும்பாமல் போட்டா."

எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. பின்னட்டையை நெடுநேரம் பார்த்ததும், தலைப்பை மறைத்து உறை போட்டதும், இப்போது இந்த ஒதுங்கலும் ஒரே காரணத்தைத்தான் காட்டின. எந்த வீட்டு வாசலில் எவர் எப்போது எதைக் கேட்டுக்கொண்டு நின்றார்களோ, அதையெல்லாம் ஒரு பொழுதுபோக்குப் புத்தகத்தால் நான் கிளறிவிட்டேன். வாசிப்புக்குத் திரும்பி வந்த ஒருத்தியை நானே துரத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து அவள் வீடு திரும்பியிருக்கும் நேரம் பார்த்து, முல்லைத்தீவில் பஸ் மாறி நாயாற்றுக்குப் போனேன்.

முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது.

"ரீச்சர், புத்தகத்துக்கே வந்தனீங்கள்?"

"புத்தகம் கிடக்கட்டும். உம்மைப் பார்க்கத்தான் வந்தனான்." வழி நெடுகச் சேர்த்து வைத்திருந்த சொற்களை மெல்ல எடுத்தேன். "அதை வாசிக்கப் பயமாயிருந்தால் எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"பயந்தான் ரீச்சர்."

"அந்தப் புலனாய்வாளனாலேயோ?"

"சீ! அவனுக்கு என்ன பயம்? அவனைவிடப் பெரிய ஆக்களெல்லாம் இந்தப் படலையில நிண்டு கேட்டிட்டுப் போட்டாங்கள். உங்களுக்குத்தான் பயந்தனான்."

உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். மீன் கை பட்டுவிடும் என்று போட்ட உறை அப்படியே இருந்தது. பின்னட்டையை அன்று கண்ணருகே பிடித்தது கண்ணாடியை மறந்து வந்ததால். தொலைபேசி களப்புக்குள் விழுந்துவிட்டது என்றாள். என் சாட்சிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. அவள் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். கதையின் முடிவில், நாயகனுக்கு நாள்தோறும் சமைத்துப் போட்ட விடுதிக்காரப் பெண் உறங்கிக்கொண்டிருக்கையில், அவன் ஒன்றும் சொல்லாமல் புறப்பட்டு விடுகிறான். அந்த இடத்துக்குக் கீழே நீலப் பேனையால் எழுதப்பட்டிருந்தது:

'படியிறங்குமுன் அவன் அவளை எழுப்பி, போட்டு வாறன் என்றான். அவள் ஓம் என்றாள்.'

"இவரின்ர வேலை" என்று வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

அவளுடைய கணவர் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். கடல் கொந்தளித்த நாள்களில் தொழிலுக்குப் போகாமல், வலைகள் வைத்திருக்கும் வாடியில் கூடியிருந்தவர்களுக்கு அவர் கதையை வாசித்துக் காட்டியிருக்கிறார்.

"நீங்களே சொல்லுங்கோ ரீச்சர்" என்றார். "கதை முழுக்க அந்த மனுசி ஆக்கிப் போடுறா. போய் வாறனெண்டு ஒரு சொல்லுச் சொல்லாமல் போறவன் என்ன மனுசன்? அப்பிடியே வாசிச்சால் வாடியில எனக்கெல்லோ அடி விழும்!"

"வாசிக்கேக்க வாயால சொல்லியிருந்தால் காணுமே" என்றாள் அவள். "நூலகப் புத்தகத்தில பேனையால எழுதுவினமே? 'நூல்களில் எழுதாதீர்கள்' எண்டு ரீச்சர் கதவுக்கு மேல எழுதி ஒட்டியிருக்கிறா. நான் எந்த முகத்தோட வாறது?"

அந்த வாசகத்தைச் சிவப்பு மையில், தடித்த எழுத்தில் எழுதியவள் நான்தான். முற்றத்தில் நின்றபடியே சிரிக்கத் தொடங்கினேன். முதலில் கணவர் சிரித்தார். கடைசியாகத்தான் அவள் நம்பினாள்.

"அம்மாவுக்கு முழங்கால் எப்படி? பிள்ளை படிக்கிறாளா?" என்று நான் கேட்க வேண்டியவற்றையெல்லாம் அதன் பிறகே கேட்டேன். தேநீர் வந்தது, பொரித்த மீனும் வந்தது. புத்தகத்தை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை அவள் வந்து முடிவை உரத்து வாசித்தாள். நீல வரிகள் வந்ததும் கணித ஆசிரியை கதிரையிலிருந்து எழுந்துவிட்டாள்.

"அப்பிடி ஒரு வரி இல்லை! எனக்குக் கடைசிப் பக்கம் பாடம்!"

"நீர் இரும் பிள்ளை" என்றார் புடவைக்கடை அக்கா. "இப்பதான் அவன் மனுசனாகியிருக்கிறான்." பிறகு தோழியிடம் திரும்பினார். "உங்கட அவரிட்டைச் சொல்லுங்கோ, அந்தச் சேட்டைத் தோய்க்கப் போட்டதாகவும் ஒரு வரி எழுதட்டாம்."

தோழி அடுத்த நாவலைத் தெரிந்தெடுத்து, பத்திரிகைத் தாளால் உறை போட்டாள். வாசலில் திரும்பி நின்று, "போட்டு வாறன் ரீச்சர்" என்றாள்.

"ஓம், வாரும்" என்றேன். அந்தச் சிவப்பு எழுத்துக்குக் கீழேதான் நின்றோம். என் மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து, அவள் கணவருக்கென்று கொடுத்தனுப்பினேன்.